பொம்மரைத் திருத்தினால் காணாது, அதின்ர கண்ணையும் திருத்துங்கோ



இந்தக் கிழமை எபிசோடில் பழைய கேம் கொன்சோல், பழைய கம்ப்யூட்டர் எல்லாம் திருத்தி ஓட விடுற ஆக்களைப் பற்றிக் கதைச்சம். நேரம் காணாமல் ஒரு பகுதியை விட்டிட்டம். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானங்களைத் திருத்துறவர்களைப் பற்றினது அது. நியூஸ்லெட்டரில் எழுதுறன் என்று சொன்னன். இதோ.

முதலே என்ர கருத்தைச் சொல்லிப்போடுறன். ஒரு பழைய பொம்மரைத் திருத்திப் பறக்க விடுறது நல்ல வேலை. ஆனால் எஞ்சினையும் இறக்கையையும் மட்டும் திருத்திப்போட்டு, அது எதைப் பார்த்துக் குண்டு போட்டதோ அந்த ரேடாரை விட்டால், எங்களுக்குக் கிடைக்கிறது அரைவாசிக் கதை. அதுவும் வடிவான அரைவாசி.

'பொம்மர்' என்ற சொல் எங்கட வீடுகளில் சும்மா ஒரு சொல் இல்லை. அதனாலதான் இதைப் பற்றி நாங்கள் வாய் திறக்கவேணும் என்று நினைக்கிறன்.

ஹமில்டனில் நிற்கிறது என்ன?

உலகம் முழுக்க 7,377 லங்காஸ்டர் விமானங்கள் செய்தார்கள். இன்றைக்குப் பறக்கிறது இரண்டே இரண்டு. ஒன்று பிரித்தானிய விமானப்படையிடம். மற்றது ஹமில்டனில், மவுண்ட் ஹோப்பில் இருக்கிற கனேடியன் வோர்பிளேன் ஹெரிட்டேஜ் மியூசியத்தில்.

ஹமில்டன் லங்காஸ்டரின் இலக்கம் எஃப்எம்213. 1945இல் மால்டனில் இருந்த விக்டரி எயார்கிராஃப்ட் தொழிற்சாலையில் செய்தது. மால்டன் எங்கே என்று யோசிக்கிறீங்களா? எங்கட அம்மா அப்பாமார் வந்து இறங்கின பியர்சன் எயார்போர்ட், முந்தி மால்டன் எயார்போர்ட். அந்த இடம்தான். அந்தத் தொழிற்சாலை மட்டும் 430 லங்காஸ்டர் செய்தது.

எஃப்எம்213 வெளியில் வரேக்க ஐரோப்பாவில் யுத்தம் முடிஞ்சு போச்சு. அதைக் கடல் கண்காணிப்புக்கும் தேடுதல் மீட்புக்கும் மாற்றி 1963 வரை ஓடினார்கள். பிறகு கோட்ரிச் என்ற ஊரில் ஒரு நினைவுச் சின்னமாகத் தூணில் ஏற்றி விட்டார்கள். 1977இல் மியூசியம் அதை எடுத்தது. 1979இல் ஒரு சினூக் ஹெலிகொப்டர் அதைத் தூக்கிக்கொண்டு ஹமில்டனுக்கு வந்தது. பெரும்பாலும் தொண்டர்கள்தான் திருத்தினார்கள். 1988 செப்ரெம்பர் 11 அன்று திரும்பவும் பறந்தது.

அதுக்கு அன்ட்ரூ மைனார்ஸ்கி என்ற வின்னிபெக் இளைஞரின் பேரை வைத்தார்கள். 1944 ஜூன் நடுவில் ஒரு இரவு பிரான்சுக்கு மேல அவருடைய லங்காஸ்டர் தீப்பிடித்தது. வாலில் சிக்கின தோழரைக் காப்பாற்றப் போய் அவர் உடுப்பில் தீ பற்றியது. தோழர் தப்பினார், மைனார்ஸ்கி செத்தார். அவருக்கு விக்ரோரியா குரொஸ் விருது கிடைத்தது. பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் செத்த கனேடியர் மட்டும் சுமார் பத்தாயிரம் பேர். அவர்களில் கனபேருக்கு உங்கட வயதுதான், இருபது, இருபத்திரண்டு. இதை ஞாபகப்படுத்தத்தான் அந்த விமானம் பறக்குது. அதில எனக்குக் குறை இல்லை.

ஆனால் அந்த விமானத்தை வடிவமைத்த கொம்பனியின் பேரைப் பாருங்கோ. அவ்ரோ. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஆக்களுக்கு இந்தப் பேரை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதே அவ்ரோ பிறகு 748 என்றொரு பயணிகள் விமானத்தை வடிவமைத்தது. இலங்கை விமானப்படை அதை வாங்கினது. 1990இல் அது போன்ற போக்குவரத்து விமானங்களில் இருந்து பீப்பாய்க் குண்டுகளைக் கையால் தள்ளி விழுத்தினார்கள். கொம்பனி குண்டு போடச் செய்த விமானம் இல்லை அது. ஆனால் கீழே பங்கருக்குள் இருந்தவருக்கு அந்த வித்தியாசம் எதுக்கு?

தொழிலாளர் தின வார இறுதியில் ரொறன்ரோவில் ஏரிக்கு மேல எயார் ஷோ நடக்கும். லங்காஸ்டரும் அதில பல தடவை பறந்திருக்கு. பிள்ளைகள் பல்கனிக்கு ஓடுவார்கள். அம்மம்மா உள்ளுக்குப் போவா. இது எங்கள் பல வீடுகளில் நடக்கிறது. ரெண்டு பேருமே அந்த விமானத்தைச் சரியாத்தான் கேட்கினம். ஒரே சத்தம், ரெண்டு ஞாபகம்.

வண்டு என்று பேர் வைத்த சனம்

எங்கட சனம் விமானங்களுக்குப் பேர் வைக்கிறதில் கெட்டிக்காரர். பொம்மர், ஹெலி, சியாமாசெட்டி, புக்காரா, சகடை, கிபிர். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சத்தம், ஒவ்வொரு பயம். அந்தப் பட்டியலில் கடைசியாச் சேர்ந்த பேர்களில் ஒன்று 'வண்டு'.

வண்டு குண்டு போடாது. அது ஆளில்லாத வேவு விமானம். வன்னிக்கு மேல மணிக்கணக்காச் சுத்தும். ஆனால் வன்னியில் இருந்தவரிடம் கேட்டால் சொல்லுவார், வண்டு இரையிற சத்தம் கேட்டால் அடுத்தது கிபிரோ ஷெல்லோ வரும் என்று. அதாவது கீழே இருந்த சனத்துக்கு ஒரு விசயம் தெளிவா விளங்கியிருந்தது. குண்டு போடுறது ஒரு விமானம் இல்லை. அது ஒரு சிஸ்டம். முதல் கண் வரும், பிறகு கை வரும்.

மியூசியங்களில் நாங்கள் பார்க்கிறது பெரும்பாலும் கையை. நாலு மெர்லின் எஞ்சின், குண்டு அறை, துப்பாக்கிக் கூண்டு. கண் எங்கே?

ஒரு சட்டிக்குள் ஒரு நகரம்

லங்காஸ்டர், ஹலிபாக்ஸ் போன்ற விமானங்களின் வயிற்றுக்குக் கீழ ஒரு வீக்கம் இருக்கும் படங்களை நீங்கள் பார்த்திருப்பீங்கள். கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி. அதுக்குள் ஒரு அன்ரெனா சுத்திக்கொண்டிருக்கும். அதுதான் எச்-டூ-எஸ், நிலத்தைப் படம் பிடிக்கிற ரேடார்.

அது வேலை செய்ததுக்குக் காரணம் ஒரு சின்னச் செப்புக் கட்டி. 1940 பெப்ரவரியில் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரண்டல், பூட் என்ற ரெண்டு பேர் செய்த கவிட்டி மக்னெட்ரோன். உங்கட குசினி மைக்ரோவேவுக்குள் இருக்கிறதும் அதின்ர வழித்தோன்றல்தான். அது வரமுதல் ரேடார் அலைகள் மீற்றர் கணக்கில் நீளம், அன்ரெனாவும் அதுக்கேற்ற பெரிசு. மக்னெட்ரோன் வந்த பிறகு 10 சென்ரிமீற்றர் அலையைப் பலமா அனுப்ப முடிந்தது. அன்ரெனா ஒரு விமானத்துக்குள் அடங்கினது. 1940 செப்ரெம்பரில் அந்த மக்னெட்ரோனில் ஒன்று கப்பலில் கனடாவின் ஹலிபாக்ஸ் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனது. யுத்தத்தின் பெரிய ரகசியங்களில் ஒன்று அது.

பேர்னார்ட் லொவெல் என்ற விஞ்ஞானியின் குழு எச்-டூ-எஸ்ஸை வளர்த்தது. விலையும் குடுத்தார்கள். 1942 ஜூன் 7 அன்று சோதனைப் பறப்பில் ஒரு ஹலிபாக்ஸ் விமானம் விழுந்து 11 பேரும் செத்தார்கள். ஸ்டீரியோ ஒலிப்பதிவைக் கண்டுபிடித்த அலன் புளூம்லைன் அதில ஒருவர். உங்கட ஹெட்போனுக்கும் இந்தக் கதைக்கும் அவ்வளவு கிட்டின சொந்தம்.

1943 ஜனவரி 30 இரவு ஹம்பேர்க் நகரத்துக்கு மேல முதன்முதலாகச் சண்டையில் பாவித்தார்கள். ரெண்டு மூன்று நாளிலேயே ரொட்டர்டாமுக்குப் பக்கத்தில் விழுந்த ஒரு விமானத்தில் இருந்து ஜேர்மன்காரர் ஒரு செட்டை எடுத்துவிட்டார்கள். பிறகு அந்த அலைகளை மணந்து பிடிக்கிற கருவி ஒன்று செய்தார்கள். நக்சோஸ் என்று பேர். பார்க்கிற கண்ணே விமானத்தைக் காட்டிக்குடுக்கத் தொடங்கினது. உங்கட போன் வைஃபை தேடித்தேடித் தான் எங்கே நிற்குது என்று ஊருக்குச் சொல்லுற மாதிரி.

கணக்கைப் போட்டுப் பாருங்கோ

இப்ப முக்கியமான இடம். எச்-டூ-எஸ் திரையில் என்ன தெரியும்?

நிலத்தில் பட்ட அலை திரும்பி வரும். தண்ணீரில் பட்ட அலை பெரும்பாலும் அப்பால் தெறிச்சுப் போயிடும். அதால தண்ணீர் கறுப்பு, வெறும் நிலம் மங்கல், கட்டடங்கள் நிறைந்த நகரம் வெளிச்சம். வட்டத் திரையின் நடுவில் நீங்கள், உங்களைச் சுத்தி உலகம். இன்றைக்கு மழை ரேடார் படம் பார்க்கிறீங்களே, அதே வட்டம்தான்.

இப்ப ரெசொலூஷன். ரேடார் அனுப்புற துடிப்பு ஒரு மைக்ரோ செக்கன் நீளம். ரேடியோ அலை ஒரு மைக்ரோ செக்கனில் 300 மீற்றர் போகும். போய்த் திரும்புறதால அரைவாசி, 150 மீற்றர். அதுக்குள் இருக்கிற ரெண்டு பொருள் தூரத்தில் ஒன்றாத்தான் தெரியும். இது பரவாயில்லை.

அகலம்தான் பிரச்சினை. அன்ரெனா ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் குறைய. அலை நீளம் 9 சென்ரிமீற்றர் அளவு. ஒன்றை ஒன்றால் வகுத்தால் கதிர் ஆறு, ஏழு பாகை விரியும். 10 கிலோமீற்றர் தூரத்தில் அது ஒரு கிலோமீற்றருக்கு மேல அகலம். அந்த ஒரு கிலோமீற்றருக்குள் தொழிற்சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தேவாலயம் எல்லாம் சேர்ந்து ஒரே வெளிச்சப் பொட்டு.

இதை நான் யாரையும் குற்றம் சொல்ல எழுதேல்லை. கணக்கு அப்பிடி. ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒரு முடிவு இருக்கு. 'எங்கட கருவியால் நகரத்தை மட்டும்தான் பார்க்க முடியும்' என்று தெரிந்த பிறகு நகரம்தான் இலக்கு. 1943 ஜூலைக் கடைசியில் ஹம்பேர்க்கில் சுமார் 40,000 பேர் செத்தார்கள். எல்ப ஆறும் துறைமுகமும் திரையில் வடிவாக் காட்டிக்குடுத்த நகரம் அது. பேர்லின் பெரிய நகரம், கரையோரமும் இல்லை, திரையில் குழம்பினது.

ஒரு ஸ்பெக் ஷீற்றுக்குள் ஒளிஞ்சு கிடக்கிற இந்த விசயத்தை எஞ்சின் சத்தம் சொல்லாது. சுத்துற திரை சொல்லும்.

பிறகு வந்த காலத்தில் கருவி கூர்மையானது. வண்டுவின் கமெராவுக்கு ஆள் தெரியும், கூரை தெரியும். அதனால் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லுறதுக்கு இடம் குறைஞ்சுகொண்டு போகுது. 1995 ஜூலை 9 அன்று நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தங்கியிருந்த சனத்தின் மேல குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மேலே இருந்தவருக்கு என்ன தெரிந்தது என்ற கேள்வியைக் கேட்கிற உரிமை எங்களுக்கு இருக்கு. ஆனால் அதைச் சரியாக் கேட்க வேணும் என்றால், கருவி என்ன காட்டும், என்ன காட்டாது என்று எங்களுக்கு விளங்கவேணும். பழைய ரேடார் அதுக்கு நல்ல பாடப் புத்தகம். அதில எல்லாம் பெரிசாயும் கண்ணுக்குத் தெரியிற மாதிரியும் இருக்கு.

அஜக்ஸ் எப்பிடித் தெரிந்திருக்கும்?

அஜக்ஸில் இருக்கிறவர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. இந்த ஊரே 1941இல் ஷெல் நிரப்புற தொழிற்சாலையாத்தான் தொடங்கினது. ஓம், 'ஷெல்லடி' என்று வீட்டில் சொல்லுற அதே ஷெல். உச்சக் கட்டத்தில் 9,000 பேர் வேலை செய்தார்கள். பலர் பெண்கள். யுத்தம் முடியிறதுக்குள் 4 கோடி ஷெல் நிரப்பினார்கள். ஊரின் பேர் ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலின் பேர். ஹார்வுட் அவெனியூ அந்தக் கடற்சண்டையை நடத்தின கொமடோரின் பேர்.

ஷெல் அஜக்ஸில், பொம்மர் மால்டனில். நடுவில லீசைட்டில் ரிசேர்ச் என்ரர்பிரைசஸ் லிமிட்டட் என்ற அரச தொழிற்சாலை. அங்கே ஆயிரக்கணக்கான ரேடார் செட் செய்தார்கள். நீங்கள் கிழமைக்கு அஞ்சு நாள் காரில் போய் வாற தூரத்துக்குள் கையும் இருந்தது, கண்ணும் இருந்தது.

இப்ப யோசியுங்கோ. எச்-டூ-எஸ் திரையில் எங்கட கரை எப்பிடித் தெரிந்திருக்கும்? தெற்கே ஏரி முழுக் கறுப்பு. கரை கத்தியால் வெட்டின மாதிரி. ரொறன்ரோ துறைமுகமும் தீவுகளும் தனியாத் தெரியும். ஹம்பேர்க்கை விட லேசான இலக்கு. அஜக்ஸ் தொழிற்சாலை ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குள் தொழிலாளர் குடியிருந்த வீடுகளும் சேர்த்தி.

இதைச் சொல்லால் சொல்லுறதை விட ஒரு திரையில் காட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

திருத்துறது ஏன் கஷ்டம்?

சரி, ரேடாரைத் திருத்தி ஓட விடலாமே என்று கேட்பீங்கள். எஞ்சினை விடக் கஷ்டம்.

முதலாவது, யுத்தம் முடிஞ்ச உடன கழற்றி எறிஞ்ச முதல் சாமான்களில் ரேடாரும் ஒன்று. ரகசியம் என்பதாலும், ஒரு வருசத்திலேயே பழசாப் போயிடும் என்பதாலும். லங்காஸ்டர்கள் வேற வேலைக்கு மாறேக்க உள்ளிருந்த கருவிகளும் மாறினது.

இரண்டாவது, உள்ளுக்கு இருக்கிறது வால்வு. பழைய ஸ்ரொக் தேடித்தான் எடுக்கவேணும். கப்பாசிற்றர்கள் காய்ஞ்சு, கசிஞ்சு கிடக்கும். எண்பது வருசம் தூங்கின பெட்டிக்கு ஒரேயடியாக் கரண்ட் குடுத்தால் புகைதான் வரும். வோல்ற்றேஜை மெல்ல மெல்ல ஏற்றவேணும். மக்னெட்ரோனுக்கு ஆயிரக்கணக்கான வோல்ற் துடிப்பு வேணும், கை பட்டால் ஆள் முடிஞ்சுது. பழைய டயல்களில் இருட்டில் மினுங்கப் பூசினது ரேடியம், அதைச் சுரண்டக் கூடாது.

மூன்றாவது, எச்-டூ-எஸ் 3.3 ஜிகாஹேர்ட்ஸ் பக்கம் அலை அனுப்பும். அதுக்குப் பக்கத்து வீட்டில்தான் இன்றைய 5ஜி இருக்கு. அனுமதி இல்லாமல் அன்ரெனாவில் விட ஏலாது.

நாலாவதுதான் பெரிய பிரச்சினை. அறிவு. நான் கொன்ட்ராக்டரா ஏறி இறங்கின இடங்களில் எல்லாம் ஒரு பழைய சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும். சேர்வர் இருக்கும், கோட் இருக்கும், ஒரு இடத்தில் ஒரு விசித்திரமான இஃப் கண்டிஷன் இருக்கும். ஏன் அப்பிடி எழுதினது என்று தெரிஞ்ச மனிசர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். ரேடாரும் அப்பிடித்தான். சர்க்கிட் படம் கிடைக்கும். ஆனால் மங்கலான திரையில் எது நகரம், எது மேகம் என்று இருட்டில் கண்டுபிடிச்ச ஒப்பரேட்டரின் பழக்கம் எந்த மனுவலிலும் முழுசா இல்லை. அவர்கள் ரகசியம் காக்கச் சத்தியம் செய்தவர்கள். கனபேர் வீட்டாருக்கே சொல்லாமல் செத்துப் போனார்கள். உயிரோட இருக்கிற மிச்சப் பேருக்கு இப்ப நூறு வயதுக் கிட்ட.

இதில எங்களுக்கு என்ன வேலை?

பழைய விமானம் திருத்துறது எங்கட ஆக்களின் வேலை இல்லை, அது வெள்ளைக்காரத் தாத்தாமாரின் பொழுதுபோக்கு என்று ஒரு நினைப்பு இருக்கு. சரித்திரம் அப்பிடிச் சொல்லேல்லை.

ஒட்டாவாவில் இருக்கிற விமான, விண்வெளி மியூசியத்துக்குப் போனால் ஒரு லிபரேட்டர் பொம்மர் நிற்கும். அது இந்தியாவில் இருந்து வந்தது. யுத்தம் முடிஞ்சு பிரித்தானியர் கான்பூரில் ஏராளம் லிபரேட்டர்களைப் பழுதாக்கிக் கைவிட்டுப் போனார்கள். 1948இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் எயார்கிராஃப்ட் ஆக்கள் அவற்றைத் தட்டிக் கொட்டிப் பறக்கிற நிலைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாப் பெங்களூருக்குப் பறக்க வைத்துச் சுமார் 40 விமானம் தேற்றினார்கள். இந்திய விமானப்படை 1968 வரை அவற்றைப் பாவிச்சது, கடல் கண்காணிப்புக்கும் சேர்த்து. 18,000க்கு மேல செய்த விமானத்தில் உலகத்தில் இன்று மிஞ்சியிருக்கிற கொஞ்சத்தில் பல, இந்தியாவில் தப்பிப் பிழைச்சவை. அதில ஒன்றுதான் ஒட்டாவாவில் நிற்கிறது. பதிலுக்குக் கனடா ஒரு லைசாண்டர் விமானத்தை இந்தியாவுக்குக் குடுத்தது.

எங்களுக்கு எஞ்சின் கழற்றத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் சிக்னல் புரொசெசிங், எம்பெடெட், டிஎஸ்பி படிச்ச பிள்ளைகள் எங்கட சனத்துக்குள் நிறைய. உண்மையான மக்னெட்ரோனை எரிக்கத் தேவையில்லை. பழைய வட்டத் திரையை மட்டும் உயிர்ப்பிச்சு, அதுக்கு வேண்டிய சிக்னலை ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் இருந்து குடுக்கலாம். ஒன்ராறியோவின் நில உயர வரைபடங்களும் கட்டட வரைபடங்களும் திறந்த தரவாகக் கிடைக்குது. அதை எடுத்து, ஏழு பாகை கதிர், ஒரு மைக்ரோ செக்கன் துடிப்பு என்று கணக்குப் போட்டால், 1943 கண்ணால் அஜக்ஸைப் பார்க்கலாம். இது ஏமாத்து வேலையும் இல்லை. யுத்தக் காலத்திலேயே ஒப்பரேட்டர்களைப் பழக்கினது ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் நில அமைப்பின் மாதிரியை வைத்து, ரேடியோவுக்குப் பதிலா ஒலியலை அனுப்பித்தான். சிமுலேற்றர் எண்பது வருசப் பழசு.

'குண்டு போட்ட விமானத்துக்கு நாங்கள் ஏன் வேலை செய்யவேணும்?' என்று உங்கட வீட்டில் கேட்கலாம். நியாயமான கேள்வி. ரெண்டு பதில் இருக்கு.

ஒன்று, ரேடார் குண்டு போட மட்டும் இல்லை. 1942 ஏப்ரல் 4 அன்று கோகலவில் இருந்து பறந்த ஒரு கனேடிய ஸ்குவாட்ரன் விமானம் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டது. ஓட்டினவர் லெனார்ட் பேர்ச்சல், எங்கட ஏரிக்கு அக்கரையில் சென். கத்தரின்ஸில் பிறந்தவர். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கேக்கயே சுட்டு விழுத்தினார்கள். அப்பிடி எச்சரிக்கை வந்தும், அடுத்த நாள் காலை கொழும்பில் ரேடாரில் இருந்து தகவல் வரேல்லை, விமானங்கள் தலைக்கு மேல வந்த பிறகுதான் தெரிந்தது. ஏப்ரல் 9 அன்று திருகோணமலையில் ரேடார் முன்னமே கண்டது, சண்டை விமானங்கள் நேரத்துக்கு மேலே ஏறினது. அதே கருவி, ஒரு ஊரில் கண் மூடினது, மற்ற ஊரில் திறந்திருந்தது.

மற்றப் பதில் இன்னும் முக்கியம். ஒட்டாவா யுத்த மியூசியத்தில் குண்டுவீச்சு சரியா பிழையா என்று கேட்ட ஒரு பலகையில் எழுதினதுக்குப் பழைய வீரர்கள் கடுமையா எதிர்ப்புத் தெரிவிச்சார்கள். செனட் வரை போய், 2007இல் அந்த வசனங்களை மாற்றினார்கள். பலகையில் எழுதினால் சண்டை வரும். வீரர்களின் வலியும் உண்மை, கீழே எரிஞ்சவர்களின் வலியும் உண்மை. ஆனால் ஒரு சுத்துற திரை யாரையும் திட்டாது. 'இவ்வளவுதான் தெரிஞ்சது, இதைப் பார்த்துத்தான் போட்டது' என்று மட்டும் காட்டும். மைனார்ஸ்கியின் வயதுப் பெடியன் இருட்டில் எதைப் பார்த்தான் என்றும் விளங்கும். அந்தப் பொட்டுக்குள் யார் இருந்தார்கள் என்றும் கேட்கத் தோணும்.

'செலவு, ஆள் இல்லை, பார்க்கிறவர்களுக்கு எஞ்சின் சத்தம்தான் வேணும்' என்று மியூசியம் நடத்துறவர்கள் சொல்லலாம். பறக்கிற விமானத்துக்குள் இந்தப் பாரத்தை ஏற்றச் சொல்லி நான் கேட்கேல்லை. பக்கத்தில் ஒரு மேசை காணும். ஒரு திரை, ஒரு கதிரை, ஒரு ஹெட்போன். வாற பிள்ளை இருந்து பார்க்கட்டும்.

இரண்டு வேலை

நான் சொல்ல வந்தது முடிஞ்சுது. இனி உங்களிடம் ரெண்டு வேலை.

முதலாவது, எஸ்டிஆர், எஃப்பிஜிஏ, பழைய சிஆர்ரி திரை, இதில ஏதாவது ஒன்றில் கை வைச்ச ஆக்கள் இந்த மெயிலுக்குப் பதில் போடுங்கோ. நாலு பேர் சேர்ந்தால் அஜக்ஸ் கரையின் எச்-டூ-எஸ் படத்தை முதலில் லப்டொப்பில் செய்து பார்ப்பம். சரியா வந்தால் ஒரு மியூசியக் கதவைத் தட்டுவம்.

இரண்டாவதுக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். அம்மாவிடம், அப்பாவிடம், அம்மம்மாவிடம் கேளுங்கோ. எந்தச் சத்தம் எந்த விமானம் என்று எப்பிடிக் கண்டுபிடிச்சீங்கள்? கிபிர் வரமுதல் எவ்வளவு நேரம் இருந்தது? வண்டு இரவில் வேற மாதிரி இரைஞ்சதா? இதுவும் ஒப்பரேட்டர் அறிவுதான். திரையின் மற்றப் பக்கத்தில் இருந்தவர்களின் அறிவு. இதுக்கும் மனுவல் இல்லை. சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதேங்கோ. சொல்ல வந்தால் போனில் ரெக்கோர்ட் பண்ணி, திகதி, ஊர்ப் பேரோட சேமியுங்கோ.

அடுத்த கிழமை எபிசோடில் சந்திப்பம்.